வண்டி முடிகிற இடம்

1

போன கார்த்திகையோடு நான் ஆந்திர எல்லையோரத்து இந்த ஆரம்பாக்கத்துக்கு வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. அன்று தைப்பிங்கில் என்னை வழியனுப்ப வந்த நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே கேட்டீர்கள். "அங்கே இருக்கிறவங்க எல்லாம் இங்கே வர்றாங்க. நீ என்னடி இங்கேருந்து அங்கே போற?"

அப்போது பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்த்த சேகரைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இங்கே ஆரம்பாக்கத்தில் அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார், இவரோ ஒரே பிள்ளை. வயிற்றில் ஏழு மாதம், கையில் இரண்டு பெட்டி, வாய் நிறைய மலேசியத் தமிழ். அந்த லட்சணத்தில் வந்து இறங்கினேன். மாமனார் மூன்று வருடம் எங்களோடு இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நாங்கள் திரும்பவில்லை.

பத்து வருடம் ஆனதற்கு ஏதாவது எழுதேன் என்று கேட்டிருந்தீர்கள். கார்த்திகையில் எழுத உட்கார்ந்தால் புகார்ப் பட்டியல்தான் வந்தது. கொசு, மின்வெட்டு, நெடுஞ்சாலைப் புழுதி. தள்ளிப்போட்டது நல்லதாயிற்று. தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்பீர்கள். அந்த ஏரிக்குப் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

2

என் பிள்ளைகளை உங்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை. மூத்தவள் யாழினிக்கு இப்போதுதான் பத்து முடிந்தது. அச்சு அசல் இந்த ஊர்ப் பெண். நான் "பசியாறிட்டியா?" என்று கேட்டால், "நாஷ்டா துன்னாச்சும்மா, உன் மலேசியாவ உட்டுத் தொலை" என்பாள். முதலில் வலித்தது. இப்போது சண்டை போடும்போது எனக்கே "இன்னா" வந்துவிடுகிறது.

இளையவன் மகிழன், ஆறு வயது. எங்களுக்கு மகி. அவனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சொற்கள். சத்தம் ஆகாது. வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொட மாட்டான். அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, ரயில். வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம். சரக்கு வண்டி போனால் கடைசிப் பெட்டி வரைக்கும் விரல் நீட்டி எண்ணுவான். எண்ணி முடித்ததும் "முடிஞ்சிச்சு" என்று தானே தலையாட்டிக்கொள்வான்.

அந்த "முடிஞ்சிச்சு"தான் எங்கள் பிரச்சினை. ரயில் என்றால் அது முடிகிற இடத்தில்தான் இறங்க வேண்டும் என்பது அவன் சட்டம். நடுவில் இறங்குவது அவனைப் பொறுத்தவரை சோற்றில் பாதியிலேயே கை கழுவுவது மாதிரி.

யாழினிக்குப் பழவேற்காட்டு ஏரியில் பூநாரை பார்க்க வேண்டும் என்று ஆசை. வகுப்பில் யாரோ ஒருத்தி பார்த்துவிட்டு வந்து அளந்திருக்கிறாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு, ஒரே நாளில் திரும்பிவிடலாம். முதல் தடவை பொன்னேரியில் சேகர் பையோடும் யாழினியோடும் இறங்கிவிட்டார். மகி கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "முடியல, முடியல" என்று கத்துகிறான். நான் அவன் விரலைப் பிரிக்கிறேன், வண்டி நகர்கிறது. சேகர் மகளைத் தூக்கி உள்ளே போட்டுத் தானும் தாவி ஏறினார். சென்ட்ரல் வரை போய், அங்கே நடைமேடையில் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மகிக்கு அன்று பரம திருப்தி.

இரண்டாம் தடவை பொன்னேரி ஸ்டேஷனைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டி ஒரு மாதம் பழக்கினேன். மறுபடி சென்ட்ரல். மூன்றாம் தடவை அப்பளத்தை லஞ்சமாகக் காட்டினோம். அப்பளத்தையும் தின்றுவிட்டு சென்ட்ரல். நடுவில் ஒருமுறை வாடகைக் கார். நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரனுக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறிய அலறலில் டிரைவரே வண்டியைத் திருப்பிவிட்டார். பள்ளியில் 'நான் சென்று வந்த இடம்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது யாழினி சென்ட்ரல் ஸ்டேஷனைப் பற்றி எழுதினாள். அடுத்த வருடமும் அதே தலைப்பு, அதே சென்ட்ரல். வகுப்பே சிரித்ததாம். அதை வீட்டில் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

3

அந்தப் பயணங்களில் எனக்குக் கிடைத்தது அம்சா அக்கா. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். காலை ஷிப்ட் வண்டியில் போகிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையை இருக்கையில் போடுவார்கள். பை விழுந்தால் இடம் விழுந்தது. அதன்மேல் எந்த ஆம்பிளையும் உட்கார மாட்டான். அவரவருக்கு இன்ன இடம் என்று வருடக்கணக்காக நிலைத்திருக்கிறது, பட்டா மட்டும்தான் இல்லை.

முதல் தடவை மகி ஏறியதும் நேராக அம்சா அக்காவின் ஜன்னலோர இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவனுக்கு இன்ன குறை, இத்தனை வயதில் தெரிந்தது, இன்ன சிகிச்சை என்று நான் ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு. அதைப் பாதியில் வெட்டினார்.

"இன்னா மலேசியா, புள்ளைக்கு ஜன்னல் வோணும், அவ்ளோதானே? இதுக்குப் போயி கதா காலட்சேபம் பண்ணிக்கினு கீற."

அன்றிலிருந்து நான் மலேசியா, அவன் நைனா. ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஏறுகிறோம். ஆனாலும் நாங்கள் வருகிற நாளில் அந்த ஜன்னலில் அம்சா அக்காவின் பை மகிக்காகக் கிடக்கும். அவர் நின்றுகொண்டே வருவார். நாள் முழுவதும் நின்று பாத்திரம் கழுவப் போகிறவர்.

4

நடுவில் ஒரு காகிதக் கதையும் சொல்லிவிடுகிறேன். மகிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க மாவட்டத் தலைநகரில் முகாமுக்குப் போனோம். ஒரு மேசைக்கு இன்னொரு மேசை, ஒரு நகலுக்கு இன்னொரு நகல். கடைசி மேசையில் இருந்த பெண் கணினியில் தாயின் சொந்த மாவட்டம் என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள். தைப்பிங் என்றேன். பட்டியலில் அது இல்லை. எங்கள் மாநிலம் பேராக் என்றேன். அதுவும் இல்லை. பின்னால் வரிசை முனகுகிறது, மகி காதைப் பொத்த ஆரம்பிக்கிறான்.

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "திருவள்ளூர்னு போட்டுடறேன்மா. வந்து பத்து வருசமா இங்கதானே கீறீங்க?" என்றாள். சரியாகப் பத்து ஆகவில்லை, ஒன்பதுதான். நான் மறுக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கி, எங்களைக் காற்று வருகிற வாசல் பக்கம் அனுப்பிவைத்தார்கள்.

5

யாழினியின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். சட்டை கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஒரு தடவையாவது முழுசாப் போய்ட்டு வரணும்மா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை.

சேகருக்கு அந்த மாதம் வார விடுமுறை சனிக்கிழமையில் விழுந்திருந்தது, பிறந்தநாளும் அன்றுதான். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் அவர் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறார், ஷிப்ட் மாற மாற விடுமுறையும் மாறும். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இவள மட்டும் நான் கூட்டினு போறேன். நீ மகிய வச்சிக்கினு ஊட்ல இரு. அவளும் கொழந்ததானே? எத்தினி நாளு அவளப் பேஜார் பண்றது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கையில் இருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினேன். இரண்டு நாள் பேசவில்லை.

கோபத்தின் காரணம் அவருக்குத் தெரியாது. உங்களில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியும். என் தம்பி குமரனை நினைவிருக்கிறதா? மகிக்கு இருப்பதற்கு இன்று ஒரு பெயர் இருக்கிறது. குமரனுக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை, 'ஒரு மாதிரி' என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அப்பா அண்ணனையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஏரிப் பூங்காவுக்குப் போவார். அம்மா தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலுமாக வாழையிலையில் நாசி லெமாக் கட்டுவாள். தண்ணீர் மேல் சாய்ந்த மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குமரன் மட்டும் பக்கத்து வீட்டில் இருப்பான். கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்வேன். அந்த நாசி லெமாக் எனக்கு ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கும் எங்களை முழுசாக ஒருநாள் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசைதான். சேகர் கேட்டதும் அதையேதான்.

மூன்றாம் நாள் சேகரை உட்காரவைத்து இதைச் சொன்னேன். சொல்லி முடித்தேன். அடுத்த அறையிலிருந்து யாழினி எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், திருட்டுக் கழுதை.

"அப்பா, வண்டி முடியற எடத்துலதானே மகி எறங்குவான்?"

"ஆமா."

"இந்தப் பக்கம் போனா சென்ட்ரல்ல முடியுது. அந்தப் பக்கம் எங்க முடியுது?"

சேகர் விரல்விட்டு எண்ணினார். அந்தப் பக்கம் தடா, அக்கம்பேட்டை, சூளூர்பேட்டை. மூன்றே ஸ்டேஷன். எங்கள் மின்சார வண்டிகளில் பல சூளூர்பேட்டையோடு நின்றுவிடும். அதே ஏரிதான் அங்கேயும் விரிந்து கிடக்கிறது, ஆந்திரா பக்கம், ஊரிலிருந்து ஆட்டோ தூரத்தில்.

இரண்டு வருடமாக இது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஆரம்பாக்கத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊர் சுற்றுவது என்றால் மெட்ராஸ் பக்கம். வடக்கே போவது வேலைக்கு. தடா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு தினமும் ஆயிரம் பேர் அந்தப் பக்கம் ஏறுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருத்தரும் ஏறியதில்லை. வெளியூரிலிருந்து வந்த நானாவது யோசித்திருக்கலாம். நானும் அதற்குள் உள்ளூர்க்காரி ஆகியிருந்தேன்.

"பத்து வயசுப் பொண்ணு சொல்றா, எனக்குத் தோணல பாரு" என்று சேகர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

6

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து நாசி லெமாக் கட்டினேன். பழவேற்காட்டு நெத்திலிக் கருவாடு, இந்த ஊர்த் தேங்காய்ப் பால். மகிக்கு வெள்ளைச் சோறும் அப்பளமும் தனி டப்பாவில்.

எனக்கு ஒரே கவலை, ஜன்னல். போகிறோம் என்று அம்சா அக்காவிடம் சொல்லியிருந்தேன், ஆனால் இது வடக்கே போகிற வண்டி, அவர் தெற்கே போகிறவர். இந்த வண்டிக் கூட்டத்தில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஜன்னல் கிடைக்காவிட்டால் மகி ஏறியதுமே கத்துவான், தடா வரைக்கும் தாங்க மாட்டோம். பிறந்தநாள் கெட்டுப்போகும், அதற்கப்புறம் அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று சேகர் சொன்னால் மறுக்க என்னிடம் வார்த்தை இருக்காது.

வண்டி வந்தது. நான் பயந்தபடியே நிரம்பி வழிந்தது. சீருடை போட்ட பெண்கள், தோளில் பை, காதில் பாட்டு. உள்ளே நுழைந்து பார்த்தால் இடது பக்க ஜன்னலோர இருக்கை ஒன்றில் ஆள் இல்லை. ஒரு நீலச் சாப்பாட்டுப் பை மட்டும் கிடந்தது. அதைச் சுற்றி நான்கு பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருத்தி மகியைப் பார்த்தாள். இருபது வயதுகூட இருக்காது. "இவன்தான் நைனாவா? அம்சாக்கா நேத்து கும்டிபூண்டி டேசன்ல சொல்லிச்சு, மலேசியாக்கா புள்ளைய இட்னு வர்றாங்கோ, ஜன்னல் போட்டு வையின்னு" என்று பையை எடுத்தாள். "ஒக்காரு நைனா."

மகி உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவளும் எதையும் எதிர்பார்க்கவில்லை, மறுபடி பாட்டுக் கேட்கப் போய்விட்டாள். பொன்னேரியில் ஏறியவளாம். நான்கு ஸ்டேஷனுக்குப் பிறகு ஏறப்போகிற, பார்த்தே இராத ஒரு பிள்ளைக்காக உட்காரக் கிடைத்த இடத்தைப் பையைப் போட்டுக் காத்துக்கொண்டு நின்று வந்திருக்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். யாழினி, "எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்று என் முந்தானையை இழுத்தாள்.

தடாவில் பெட்டியே காலியானது. எல்லோரும் இறங்குவதைப் பார்த்து மகி பாதி எழுந்துவிட்டான். "முடிஞ்சிச்சா?"

ஆமாம் என்று அவனாக நினைத்துவிட்டால் இங்கேயே இறங்கிவிடுவான், இறங்கியபின் வண்டி கிளம்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாழினி அவன் முன்னால் இரண்டு விரலை நீட்டினாள். "இன்னும் ரெண்டு." அவன் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தான். உட்கார்ந்தான். அக்கம்பேட்டையில் ஒரு விரல் மடங்கியது.

சூளூர்பேட்டையில் வண்டி நின்றது. விசிறி நின்றது. வண்டி ஓட்டியவர் பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் மறுமுனைக்கு நடந்துபோனதை மகி ஜன்னல் வழியாகக் கடைசி வரை பார்த்தான்.

"முடிஞ்சிச்சு" என்றான். எழுந்தான். யார் கையையும் பிடிக்காமல் இறங்கினான்.

சேகர் நடைமேடையில் நின்று விசிலடித்தார். நாற்பது வயது மனிதர்.

7

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷேர் ஆட்டோக்காரரிடம் சேகர் தன் அரைகுறைத் தெலுங்கில் பேசி, தீவுக்குப் போகிற சாலையில் தண்ணீர் ஓரமாக இறக்கிவிடச் செய்தார். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் சாலை. தூரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு நீளக் கோடு. அது அசைந்தபோதுதான் பறவைகள் என்று தெரிந்தது. யாழினி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து எண்ண ஆரம்பித்து, நூற்று முப்பதுக்கு மேல் குழம்பி, முதலிலிருந்து எண்ணினாள்.

மகி பூநாரையைப் பார்க்கவே இல்லை. ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சேற்று மண்ணை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். அவனுக்கு அது போதும். நாங்கள் மூவரும் நாசி லெமாக் சாப்பிட்டோம், அவன் அப்பளம் நொறுக்கினான். நான்கு பேரும் ஒரே துணியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் படம் எடுத்து தைப்பிங்குக்கு அனுப்பினேன். குமரன் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறான். படத்தை அவனிடம் காட்டச் சொன்னேன். அவன் வெகுநேரம் மகியின் முதுகையே தடவிக்கொண்டிருந்தானாம். அண்ணி எழுதியிருந்தார். அடுத்த வருடம் நான் வரும்போது குமரனோடு ஏரிப் பூங்காவுக்குப் போகிறேன், காரில் இடம் இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

திரும்பும் வண்டி சென்ட்ரல் போகிற வண்டி. ஆரம்பாக்கம் அதற்கு நடு வழி. ஆனால் அதைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. முன்பு மூன்று தடவையும் சென்ட்ரலிலிருந்து திரும்பும்போது மகி ஆரம்பாக்கத்தில் அழாமல் இறங்கியிருக்கிறான். களைப்பாக இருக்கும் என்று நாங்கள் காரணம் கேட்டதில்லை. யாழினிதான் கேட்டாள். பிறந்தநாள்காரி, அன்று அவளுக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும்.

வண்டி ஆரம்பாக்கத்தில் நின்றதும் மகி எழுந்தான். அவள் வாசலில் வழி மறித்தாள்.

"டேய், இன்னும் முடியலியே. சென்ட்ரல் வரைக்கும் போவுது. ஏன்டா எறங்குற?"

அவன் அவளை நகர்த்திவிட்டு நடைமேடையில் காலை வைத்தான். மஞ்சள் பலகையைப் பார்த்தான். எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லைச் சொன்னான்.

"ஊடு."

அவன் பின்னால் நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் அதுதான்.